பகை கடந்த கோல் காப்பாளர்

நுழையும்முன்

போர் முடிந்த நாளிலேயே பகை முடிந்துவிடுவதில்லை. படைக்கலங்கள் ஓய்ந்த பின்னும் இழப்பின் நினைவு மக்கள் மனத்தில் நெடுங்காலம் தங்கிவிடுகிறது. நேற்று எதிர்ப்படையில் நின்றவர் இன்று நம் தெருவில் குடியேறினால் அவரை எவ்வாறு ஏற்பது? நம் ஊர் அணிக்காக அவர் விளையாட வந்தால் கைதட்டுவதா, கதவடைப்பதா? இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரம் இவ்வினாவை எதிர்கொண்டது. அவ்வினாவுக்குக் காரணமானவர் ஜெர்மானியக் கால்பந்து வீரர் ஒருவர். அவருடைய வாழ்வும் அந்நகரம் கண்ட விடையும் இப்பாடத்தில் விளக்கப்படுகின்றன.

துறைமுக நகரத்துச் சிறுவன்

பெர்ன்ஹார்ட் கார்ல் டிராட்மன் 1923ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் ஜெர்மனியின் பிரேமன் நகரில் பிறந்தார். பிரேமன் ஒரு துறைமுக நகரம். தந்தை அங்கிருந்த உரத் தொழிற்சாலையில் பணியாற்றினார். எளிய தொழிலாளர் குடும்பத்தில் வளர்ந்த டிராட்மனுக்கு ஏட்டுக் கல்வியைவிட விளையாட்டிலேயே நாட்டம் மிகுந்திருந்தது. கால்பந்து, கைப்பந்து எறிதல் முதலிய ஆட்டங்களில் அவர் சிறந்து விளங்கினார்.

1933ஆம் ஆண்டு ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். சிறுவர்களின் மனத்தைத் தம் கொள்கைக்கு ஏற்ப வார்த்தெடுக்க நாஜி அரசு பல அமைப்புகளை உருவாக்கியது. அவற்றுள் ஒன்றில் பத்து வயது நிரம்பும் முன்பே டிராட்மன் சேர்ந்தார். ஓட்டமும் ஆட்டமும் முகாம் வாழ்வும் சிறுவர்களைக் கவர்ந்தன. அவற்றோடு சேர்த்தே யூதர்கள் மீதான வெறுப்பும் அவர்களுக்கு ஊட்டப்பட்டது. கேள்வி கேட்கும் பழக்கம் வளருமுன்பே கீழ்ப்படியும் பழக்கம் வளர்க்கப்பட்டது. அந்தத் தலைமுறைச் சிறுவர் பலருக்கு நேர்ந்ததே டிராட்மனுக்கும் நேர்ந்தது.

போர்முனையில்

1941ஆம் ஆண்டு, பதினேழு வயதில், அவர் படையில் சேர்ந்தார். பின்னர் வான்குடை வீரராகப் பயிற்சி பெற்றுக் கிழக்குப் போர்முனைக்கு அனுப்பப்பட்டார். சோவியத் நாட்டின் கடுங்குளிரிலும் இடையறாத சண்டையிலும் மூன்றாண்டுகள் கழிந்தன. வீரத்துக்கான இரும்புச் சிலுவை விருதும் அவருக்குக் கிடைத்தது. போரின் இறுதிக் காலத்தில் மேற்குப் போர்முனைக்கு மாற்றப்பட்டார்.

உக்ரைன் நாட்டுக் காடொன்றில் யூதர்கள் கூட்டமாகச் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தம் கண்களால் கண்டதாகப் பிற்காலத்தில் அவரே கூறியுள்ளார். அப்போது அவர் இளைஞர். உயிருக்கு அஞ்சி அவ்விடத்தை விட்டு அகன்றார். அக்காட்சி வாழ்நாள் முழுவதும் அவர் நினைவை விட்டு அகலவில்லை. டிராட்மனின் வரலாற்றைப் பயில்வோர் இப்பகுதியைத் தாண்டிச் சென்றுவிடக் கூடாது. மான்செஸ்டர் மக்கள் பின்னாளில் கொண்ட சினம் காரணமற்ற சினம் அன்று என்பதை இதுவே உணர்த்துகிறது.

கம்பிவேலிக்குள் ஒரு மைதானம்

1945ஆம் ஆண்டு பிரிட்டன் படையினரிடம் சிறைப்பட்ட டிராட்மன் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார். நாஜிக் கொள்கையில் எவ்வளவு ஊறியவர் என்பதைக் கொண்டு போர்க்கைதிகள் அங்குத் தரம் பிரிக்கப்பட்டனர். தொடக்கத்தில் டிராட்மன் கொள்கைப் பற்று மிகுந்தோர் பிரிவிலேயே வைக்கப்பட்டார். வதைமுகாம்களில் நிகழ்ந்த கொடுமைகளைக் காட்டும் திரைப்படம் கைதிகளுக்குத் திரையிடப்பட்டது. தாம் எத்தகைய அரசுக்காகப் போரிட்டோம் என்பதை அவர் மெல்ல மெல்ல உணரத் தொடங்கினார். தம் உண்மையான கல்வி இங்கிலாந்தில் போர்க்கைதியாகக் கால்வைத்த பிறகே தொடங்கியது என்று அவர் பிற்காலத்தில் கூறுவதுண்டு.

லங்காஷயர் பகுதியில் இருந்த போர்க்கைதிகள் முகாமில் கால்பந்து விளையாட இசைவு இருந்தது. டிராட்மன் அங்கு மைதானத்தின் நடுப்பகுதியில் ஆடுபவராகவே இருந்தார். ஒருநாள் ஆட்டத்தின்போது அவருக்கு அடிபட்டது. ஆட்டத்திலிருந்து விலக மனமின்றிக் கோல் காப்பாளருடன் இடம் மாற்றிக்கொண்டார். அன்று முதல் கோல் கம்பங்களுக்கு இடைப்பட்ட இடமே அவருக்கு உரியதாயிற்று. 'பெர்ண்ட்' என்னும் அவருடைய அழைப்புப் பெயர் ஆங்கிலேயர் நாவில் 'பெர்ட்' ஆனது.

உணவுப் பெட்டி

1948ஆம் ஆண்டு முகாம் மூடப்பட்டபோது தாயகம் திரும்பும் வாய்ப்பு டிராட்மனுக்கு வழங்கப்பட்டது. அவர் இங்கிலாந்திலேயே தங்க முடிவு செய்தார். முதலில் பண்ணை ஒன்றில் வேலை செய்தார். பின்னர், வெடிக்காமல் மண்ணில் புதைந்து கிடந்த குண்டுகளை அகற்றும் பணியில் ஈடுபட்டார். ஓய்வு நேரங்களில் செயின்ட் ஹெலன்ஸ் டவுன் என்னும் சிறிய கழகத்துக்காகக் கோல் காத்தார். அவர் ஆட்டத்தைக் காண மக்கள் திரளத் தொடங்கினர்.

பல ஆண்டுகளுக்குப் பின் முதன்முறையாகத் தம் குடும்பத்தாரைக் காண ஜெர்மனிக்குப் புறப்பட்டபோது, செயின்ட் ஹெலன்ஸ் அணியின் அன்பர்கள் அவருக்கு ஒரு பெட்டி நிறைய உணவுப் பொருள்களும் 50 பவுண்டு பணமும் அளித்தனர். அன்றைய இங்கிலாந்தில் உணவுப் பங்கீடு நடைமுறையில் இருந்தது. சர்க்கரையும் இறைச்சியும் அளந்தே கிடைத்தன. பங்கீட்டு முறை முற்றிலும் நீங்க 1954ஆம் ஆண்டு வரை ஆயிற்று. தம் அடுக்களைக்கே போதாத நிலையில், முன்னாள் எதிரி ஒருவரின் வீட்டுக்கு உணவு அனுப்பிய அம்மக்களின் பெயர்கள் வரலாற்று நூல்களில் இல்லை. எனினும் இக்கதையில் அவர்களுடைய இடம் பெரிது.

மான்செஸ்டரின் சினம்

1949ஆம் ஆண்டு அக்டோபரில் புகழ்பெற்ற மான்செஸ்டர் சிட்டி கழகம் டிராட்மனை ஒப்பந்தம் செய்தது. அக்கழகத்தின் பெரும்புகழ் பெற்ற கோல் காப்பாளர் ஃபிராங்க் ஸ்விஃப்ட் அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். மக்கள் நேசித்த ஆங்கிலேய வீரர் நின்ற இடத்தில் ஜெர்மன் படையின் முன்னாள் வீரர் நிற்கப் போகிறார் என்ற செய்தி பரவியதும் நகரம் கொதித்தெழுந்தது.

1940ஆம் ஆண்டு டிசம்பரில் ஜெர்மானிய விமானங்கள் மான்செஸ்டர் மீது குண்டு மழை பொழிந்திருந்தன. இடிந்த கட்டடங்கள் பல இன்னும் சீரமைக்கப்படவில்லை. போரில் மகனை இழந்த தாய்மாரும் கணவரை இழந்த பெண்டிரும் அந்நகரில் பலர். யூத மக்களும் அங்குப் பெருந்தொகையில் வாழ்ந்தனர். ஐரோப்பாவில் இருந்த தம் உறவினரைக் கொத்துக் கொத்தாக இழந்தவர்கள் அவர்கள். ஏறத்தாழ 20,000 பேர் தெருவில் இறங்கித் தம் எதிர்ப்பைத் தெரிவித்தனர். கழகத்துக்கு எதிர்ப்புக் கடிதங்கள் குவிந்தன. ஆட்டங்களைப் புறக்கணிக்கப் போவதாகப் பருவச்சீட்டு வைத்திருந்தோர் எச்சரித்தனர்.

இருவர் சொல்

அந்தச் சினத்தின் நடுவே இரண்டு குரல்கள் எழுந்தன. இரண்டுமே எதிர்பாராத இடங்களிலிருந்து வந்தவை.

முதற்குரல் அணித்தலைவர் எரிக் வெஸ்ட்வுட்டினுடையது. அவர் நார்மண்டிப் போரில் ஜெர்மானியருக்கு எதிராகப் போரிட்டவர். புதிய வீரரைச் சக வீரர்கள் எவ்வாறு வரவேற்பார்களோ என்ற ஐயம் நிலவியபோது, ஆடை மாற்றும் அறைக்குள் போருக்கு இடமில்லை என்று அவர் எல்லோர் முன்னிலையிலும் அறிவித்தார். களத்தில் எதிர்நின்று போரிட்டவரே கைநீட்டிய பின் மற்றவர்கள் தயங்கவில்லை.

இரண்டாம் குரல் யூத மதகுரு அலெக்சாண்டர் ஆல்ட்மனுடையது. மான்செஸ்டர் யூத மக்களின் தலைமைக் குருவாக விளங்கிய அவர், நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி 1938ஆம் ஆண்டில் ஜெர்மனியிலிருந்து வெளியேறியவர். தம் பெற்றோரையே யூதப் படுகொலையில் பறிகொடுத்தவர். டிராட்மனை வெறுக்க எவருக்கேனும் உரிமை உண்டெனில் அது அவருக்கே முதலில் உண்டு. ஆயினும் அவர் நாளிதழ் ஒன்றில் வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். ஜெர்மானியர் இழைத்த கொடுமைகளை அக்கடிதம் மறைக்கவில்லை. மறக்கச் சொல்லவும் இல்லை. அக்கொடுமைகளில் தொடர்பில்லாத தனிமனிதர் ஒருவரை, அவர் ஜெர்மானியர் என்ற ஒரே காரணத்துக்காக வெறுத்துத் தண்டிப்பது முறையன்று என்பதே அதன் சாரம்.

ஓர் இனம் முழுவதையும் ஒரே அளவுகோலால் அளந்து பழிசுமத்தும் கொள்கையே யூதர்களை அழித்தது. அதே அளவுகோலைத் தாமும் கையில் எடுக்க ஆல்ட்மன் மறுத்தார். அவருடைய கடிதத்தின் வலிமை இம்மறுப்பில்தான் உள்ளது. எதிர்ப்புக் குரல்கள் படிப்படியாக அடங்கின.

லண்டனில் ஒரு மாலை

மனமாற்றம் ஒரே நாளில் நிகழவில்லை. 1949ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள் போல்டன் அணிக்கு எதிராக டிராட்மன் முதன்முதலாகச் சிட்டி அணியில் களமிறங்கினார். அவ்வாட்டத்தில் சிட்டி அணி தோற்றது. வெளியூர் ஆட்டங்களில் கூச்சலும் வசைச்சொற்களும் அவரைத் தொடர்ந்தன. வசைச்சொற்கள் செவியில் விழும்போது கவனம் சிதறித் தாம் கோல் விட்டதுண்டு என்று அவரே ஒப்புக்கொண்டுள்ளார்.

1950ஆம் ஆண்டு ஜனவரியில் லண்டன் நகரில் ஃபுல்ஹாம் அணியுடன் ஆட்டம் நடைபெற்றது. போர்க்காலத்தில் குண்டுவீச்சால் பெரும் அழிவைக் கண்ட நகரம் லண்டன். டிராட்மன் மைதானத்தில் நுழைந்தபோது வசைமாரி பொழிந்தது. தடுமாறிக்கொண்டிருந்த சிட்டி அணி பெருந்தோல்வி அடையும் என்றே பலரும் எண்ணினர். ஆனால் பந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக அவர் தடுத்துக்கொண்டே இருந்தார். சிட்டி அணி ஒரே ஒரு கோல் வேறுபாட்டில் தோற்றது. ஆட்டம் முடிந்து அவர் வெளியேறியபோது, வசைபாடிய கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. இரு அணி வீரர்களும் இருபுறமும் வரிசையாக நின்று அவருக்கு வழிவிட்டனர். தோற்ற அணியின் கோல் காப்பாளருக்குக் கிடைத்த அந்தச் சிறப்பு, பின்னாளில் அவர் பெற்ற பதக்கங்கள் எவற்றுக்கும் குறைந்ததன்று.

எறியும் கலை

அக்காலக் கோல் காப்பாளர்கள் பந்து கைக்கு வந்ததும் அதைக் காலால் ஓங்கி உதைத்து அனுப்புவதே வழக்கம். பந்து உயரப் பறக்கும். யாரிடம் போய்ச் சேரும் என்பது உறுதியில்லை. இளமையில் கைப்பந்து எறிதலில் பழகிய டிராட்மன் பந்தைக் கையால் நெடுந்தொலைவு குறிதவறாமல் எறிந்தார். எதிரணியினர் நிலைகொள்ளுமுன்பே பந்து தம் அணி வீரரின் காலடியைச் சேர்ந்துவிடும். இதனால் தடுப்பவராக மட்டும் இருந்த கோல் காப்பாளர், தாக்குதலைத் தொடங்கி வைப்பவராகவும் மாறினார். 1950களின் நடுவில் சிட்டி அணி வகுத்துக்கொண்ட புதிய ஆட்டமுறைக்கு இத்திறன் பெரிதும் துணைநின்றது.

இத்தகைய திறன் பெற்றிருந்தும் அவர் தம் தாய்நாட்டு அணிக்காக ஒருமுறைகூட ஆடியதில்லை. வெளிநாட்டில் ஆடுவோரை மேற்கு ஜெர்மன் அணிக்குத் தெரிவு செய்யும் வழக்கம் அப்போது இல்லை. 1954ஆம் ஆண்டு மேற்கு ஜெர்மனி உலகக் கோப்பையை வென்றபோது அவர் அந்த அணியில் இல்லை. ஒரு நாட்டில் அவர் அயலார். மற்றொரு நாட்டில் அவர் அகன்று சென்றவர். இரண்டுக்கும் இடையே மான்செஸ்டரின் கோல் கம்பங்கள் மட்டுமே அவருக்கு நிலையான இடமாக இருந்தன.

வெம்பிளியில் 17 நிமிடங்கள்

எஃப்.ஏ. கோப்பை இங்கிலாந்துக் கால்பந்தின் தொன்மையான போட்டி. 1955ஆம் ஆண்டு அதன் இறுதியாட்டத்தில் சிட்டி அணி தோல்வியுற்றது. மறு ஆண்டும் அவ்வணி இறுதியாட்டத்தை எட்டியது. 1956ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் வெம்பிளி அரங்கில் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் கூடியிருந்தனர். எதிரணி பர்மிங்காம் சிட்டி.

ஆட்டம் முடிய ஏறத்தாழ 17 நிமிடங்கள் எஞ்சியிருந்தன. மான்செஸ்டர் அணி 3–1 என முன்னிலையில் இருந்தது. அப்போது பர்மிங்காம் வீரர் பீட்டர் மர்ஃபி பந்தை நோக்கி விரைந்தார். டிராட்மன் அவர் காலடியில் பாய்ந்து பந்தைப் பற்றினார். மர்ஃபியின் முழங்கால் அவர் கழுத்தில் வலுவாக மோதியது. டிராட்மன் நினைவிழந்து வீழ்ந்தார். மருந்துப் பெட்டியுடன் உதவியாளர் ஓடிவந்தார். தெளிந்து எழுந்தவருக்குக் கண்கள் மங்கின. கழுத்தில் வலி துளைத்தது. அவர் வெளியேறினால் அணி பத்துப் பேருடன் ஆட வேண்டும். கோல் காப்பாளரும் இருக்க மாட்டார். அவர் வெளியேறவில்லை. எஞ்சிய நேரத்திலும் பந்துகளைத் தடுத்தார். அணி 3–1 என வென்றது.

பரிசு பெறச் சென்றபோது அவர் கழுத்து ஒருபுறம் சாய்ந்திருந்ததை இளவரசர் ஃபிலிப்பும் கவனித்துக் குறிப்பிட்டார். சில நாள்களுக்குப் பின் எடுக்கப்பட்ட எக்ஸ்ரே படம் உண்மையை வெளிப்படுத்தியது. ஐந்து கழுத்து முள்ளெலும்புகள் இடம்பெயர்ந்திருந்தன. இரண்டாம் முள்ளெலும்பு பிளந்திருந்தது. மூன்றாம் முள்ளெலும்பு அதன்மேல் ஆப்புப்போல் செருகி நின்றதால்தான் உயிர் பிழைத்தார் என்று மருத்துவர்கள் கண்டனர்.

தெரிந்து தெளிவோம்

டிராட்மன் ஆடிய காலத்தில், அடிபட்ட வீரருக்குப் பதிலாக வேறொருவரைக் களமிறக்க விதிகள் இடந்தரவில்லை. இங்கிலாந்தின் லீக் ஆட்டங்களில் 1965ஆம் ஆண்டு முதல்தான் மாற்று வீரர் அனுமதிக்கப்பட்டார். தலையிலோ கழுத்திலோ அடிபட்டவரை உடனே ஆட்டத்திலிருந்து விலக்கி மருத்துவரிடம் காட்டுவதே இன்றைய முறை. டிராட்மனின் செயல் வியப்புக்குரியது, பின்பற்றத்தக்கது அன்று. அவர் உயிர் பிழைத்தது நற்பேறு. அத்தகைய நற்பேறு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

வெற்றிக்குப் பின்

அவ்வாண்டு இங்கிலாந்தின் சிறந்த கால்பந்து வீரருக்கான விருது டிராட்மனுக்கு வழங்கப்பட்டது. அவ்விருதைப் பெற்ற முதல் கோல் காப்பாளர் அவரே. ஆனால் புகழின் உச்சியில் நின்ற அதே கோடைக்காலத்தில் பெருந்துயர் ஒன்று அவரைத் தாக்கியது. கோப்பையை வென்ற சில வாரங்களில், ஐந்து வயது மகன் ஜான் கார் விபத்தில் உயிரிழந்தான். கழுத்து எலும்பு முறிவிலிருந்து மீள அவருக்குச் சில மாதங்கள் போதுமானவையாக இருந்தன. இவ்விழப்பின் வடுவோ அவர் இல்லற வாழ்வில் நீங்காது தங்கிவிட்டது.

1956ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் மீண்டும் களமிறங்கினார். தொடக்கத்தில் தன்னம்பிக்கை குன்றியிருந்தது. அவரை நீக்க வேண்டும் என்ற பேச்சும் எழுந்தது. மனந்தளராது பயின்று பழைய நிலையை அடைந்தார். 1964ஆம் ஆண்டு வரை சிட்டி அணிக்காக 545 ஆட்டங்களில் ஆடினார். அவ்வாண்டு ஏப்ரல் 15ஆம் நாள் நடைபெற்ற விடையளிப்பு ஆட்டத்தைக் காண 47,000க்கும் மேற்பட்டோர் திரண்டனர். ஒன்றையொன்று விட்டுக்கொடுக்காத மான்செஸ்டர் சிட்டி, மான்செஸ்டர் யுனைடெட் கழகங்களின் வீரர்கள் அன்று அவருக்காக ஒரே அணியாக ஆடினர். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இதே நகரின் தெருக்களில் 20,000 பேர் அவருக்கு எதிராக முழங்கினர் என்பதை நினைக்குந்தோறும் வியப்பு மேலிடுகிறது.

ஆட்டக்காரராக ஓய்வு பெற்றபின் டிராட்மன் பயிற்றுநரானார். ஜெர்மன் கால்பந்துச் சங்கத்தின் உதவித் திட்டத்தின்கீழ் பர்மா, தான்சானியா, லைபீரியா, பாகிஸ்தான் முதலிய நாடுகளுக்குச் சென்று கால்பந்துப் பயிற்சி அளித்தார். இளமையில் துப்பாக்கியுடன் அயல்நாட்டு மண்ணில் இறங்கியவர், முதுமையை நெருங்கும் காலத்தில் பந்துடன் அயல்நாடுகளுக்குச் சென்றார். கால்பந்தின் வழியாகப் பிரிட்டனுக்கும் ஜெர்மனிக்கும் இடையே நல்லுறவு வளர்த்தமைக்காக 2004ஆம் ஆண்டு பிரிட்டன் அரசு அவருக்கு ஓ.பி.இ. விருது வழங்கிச் சிறப்பித்தது. 2013ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள், 89ஆம் வயதில், ஸ்பெயின் நாட்டில் அவர் காலமானார்.

இக்கதையின் நாயகர்கள்

டிராட்மன் பெயரைச் சொன்னதும் முறிந்த கழுத்துடன் அவர் ஆடிய 17 நிமிடங்களே உலகின் நினைவுக்கு வருகின்றன. அந்த 17 நிமிடங்களுக்கு முன்னே ஏழாண்டு உழைப்பு இருக்கிறது. அதற்கும் முன்னே, அவருக்குக் கதவைத் திறந்துவிட்ட மனிதர்கள் இருக்கிறார்கள். பெற்றோரை இழந்தும் நீதி பிறழாத மதகுரு, போர்க்களத்தின் பகையை ஆடை மாற்றும் அறைக்குள் நுழையவிடாத அணித்தலைவர், பங்கீட்டு உணவைப் பகிர்ந்தளித்த செயின்ட் ஹெலன்ஸ் மக்கள் ஆகியோர் இல்லையெனில் வெம்பிளியும் இல்லை, கோப்பையும் இல்லை.

டிராட்மனும் தமக்குக் கிடைத்த வாய்ப்பை உரிமையெனக் கருதவில்லை. தம் கடந்த காலத்தை அவர் மறைக்கவில்லை. தம்மை நல்லவர் என்று வாதிடவும் இல்லை. ஆட்டந்தோறும் உழைத்து மக்களின் நம்பிக்கையைச் சிறிது சிறிதாக ஈட்டினார். மன்னிப்பு என்பது நடந்ததை மறப்பதன்று. நடந்ததை முழுமையாக அறிந்த பின்னும், எதிரில் நிற்பவரைத் தனிமனிதராகக் காணும் துணிவே மன்னிப்பு. வழங்குவோர் அதற்குத் துணிவு கொள்ள வேண்டும். பெறுவோர் அதற்குத் தகுதி உடையவராகத் தம்மை ஆக்கிக்கொள்ள வேண்டும். மான்செஸ்டரில் இவை இரண்டும் ஒருங்கே நிகழ்ந்தன.

கற்பவை கற்றபின்

1. ஒருவர் செய்த தவற்றுக்கு அவர் சார்ந்த குழு முழுவதையும் பழிப்பது முறையாகுமா? ஆல்ட்மனின் கடிதத்தை அடிப்படையாகக் கொண்டு வகுப்பில் கலந்துரையாடுக.

2. "அடிபட்ட பின்னும் டிராட்மன் ஆடியது வீரமா, பொருந்தாத் துணிவா?" என்னும் தலைப்பில் சொற்போர் நிகழ்த்துக.

3. உங்கள் பள்ளி அணிக்குப் புதிதாக வந்த ஒருவரை மற்றவர்கள் ஏற்கத் தயங்குகின்றனர். அணித்தலைவராக நீங்கள் அவர்களிடம் என்ன பேசுவீர்கள்? ஒரு பக்க அளவில் எழுதுக.